மூடி போட்ட மாவும் முதல் ஓலையும்

திண்டிவனம்.

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

விழுப்புரம் சவரிநாதன் வாத்தியார் அவர்களுக்கு, திண்டிவனம் இட்லி மாவு வியாபாரி தொம்மை மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. முதலில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் எழுதினேன். அந்த உறவு இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் உரிமை கொண்டாடுவது நாணயமில்லை என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் என்பது நிச்சயம். ரிட்டயர் ஆனாலும் போகாது. தாங்களும் சம்பந்தியம்மா (பாருங்கள், கை தானாக எழுதுகிறது) இருதயமேரி அம்மாளும் தம்பி ஆண்டோவும் சுகமா? இங்கே என் சம்சாரம் பவுலினும் மகள் அமலாவும் சுகம். நான் சுகமில்லை.

பூ வைக்க வந்துவிட்டுப் போன அன்றிலிருந்து உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று முதல் ஓலை வாசிக்க வேண்டும். நான் இங்கே என் பங்குக் கோவிலில் பெயர் கொடுத்துவிட்டேன். நீங்கள் உங்கள் சாமியாரிடம் கொடுத்தீர்களா இல்லையா? இங்கே மட்டும் வாசித்து அங்கே வாசிக்காமல் போனால் என் மகள் நாளைக்குக் கோவிலுக்குள் எப்படி நுழைவாள்? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நேரிலேயே வந்திருப்பேன். உங்கள் காரைப் பார்க்கும் தைரியம் இல்லை.

தப்பு என்னுடையது, மறைக்கவில்லை. ஆனால் யோசனை உங்களுடையது, அதையும் மறைக்க முடியாது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் பன்னீர் சோடா பாட்டிலை எடுத்துக் காட்டி நீங்கள்தானே சொன்னீர்கள்? "பாருங்க சம்பந்தி, மூடி இருக்கிற வரைக்கும் தண்ணியில இருக்கிற காத்து மேல போய்க்கினே இருக்கு, மேல இருக்கிற காத்து தண்ணிக்குள்ள திரும்பிக்கினே இருக்கு. ரெண்டும் ஒரே வேகம். அதனால பாக்கறதுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. இதுக்குப் பேருதான் சமநிலை. மூடின பாத்திரத்துலதான் வரும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் சாப்பாட்டை மறந்துவிட்டேன். ஏனென்றால் என் தொழிலுக்கு ஒரே எதிரி புளிப்பு. காலையில் பூ மாதிரி இருக்கிற மாவு மத்தியானம் மூக்கைப் பிடிக்க வைக்கும். வெயில் ஏறினால் வேகம் ஏறும் என்பது உங்கள் புத்தகத்தில் ஒரு வரி, எனக்கு அது ஒரு முழுக் கோடைக்காலம். ஃப்ரிட்ஜில் வைத்தால் வேகம் குறையும், அதையும் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். ஆனால் ஒரேயடியாக மாறாமல் நிறுத்தி வைக்க வழி உண்டு என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள். மூடினால் போதுமாம்! இத்தனை வருஷம் காற்றோட்டமாக வைத்து ஏமாந்தோமே என்று எனக்கு வயிறெரிந்தது.

அதனால்தான் நீங்கள் கிளம்பும்போது நான் கொடுத்தனுப்பிய மாவு வாளிக்கு மூடியை அழுத்தி, சுற்றிலும் டேப் ஒட்டினேன். அமலா பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "நைனா, மூடியைத் தளத்தி வைங்க. வெடிச்சிடும்." நான், "வாத்தியாரே சொல்லிட்டாரு, நீ குறுக்க பேசாத" என்றேன். "அவரு சோடாவுக்குச் சொன்னாரு நைனா." "சோடாவுக்கும் மாவுக்கும் என்னாம்மா வித்தியாசம்? ரெண்டும் நுரைக்குது." அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்கிய பெண், கேட்டிருக்கலாம். ஆனால் வருங்கால மாமனார் பேச்சை மீறச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வாளியைச் சம்பந்தியம்மாவின் கால்மாட்டில் நானே பத்திரமாக வைத்து, கார்க் கண்ணாடியையும் ஏற்றிவிடச் சொன்னேன். மூடின பாத்திரத்துக்குள் மூடின பாத்திரம், இரட்டைச் சமநிலை என்று ஒரு நினைப்பு.

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில், கத்திரி வெயிலில் வண்டி நின்றபோது என்ன நடந்தது என்பது உங்கள் போனில்தான் தெரிந்தது. "சம்பந்தி, வாளியில என்னாத்த வெச்சிங்க? கூரையெல்லாம் மாவு! டோல்காரன் வண்டிகிட்டயே வரமாட்டேன்றான்!" பின்னால் இருதயமேரி அம்மாள், "எம்பட்டுப்புடவ, எம்பட்டுப்புடவ" என்று அழுகிற சத்தம். "சமநிலைங்க, நீங்க சொன்னிங்களே" என்றேன். 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு கட். கோபத்தில் போனைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். நான் அந்த இடத்தில் இருந்தால் என்னையே எறிந்திருப்பேன்.

அப்புறம்தான் அமலாவைக் கூப்பிட்டு, சோடா கேட்ட பேச்சை மாவு ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தேன். "சோடாவுல போற காத்து திரும்பி வரும் நைனா. மாவைப் புளிக்க வெக்கறது உசுரு. அது தின்னுக்கினே இருக்கும், காத்து விட்டுக்கினே இருக்கும். புளிச்ச மாவு திரும்பி அரிசியாவுமா? ஒரு வழிப் பாதை" என்றாள். ஒரு வழிப் பாதை என்றால் போர்டு வைக்க வேண்டாமா, வாத்தியாரய்யா? அவளுடைய பழைய புத்தகத்தையும் புரட்டினேன். சமநிலைக்கு எதிரும் புதிருமாக இரண்டு அம்பு போட்டிருக்கிறது. எனக்குப் பஸ் ஸ்டாண்டு மாதிரி விளங்கியது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போகிற பஸ்ஸும், அங்கேயிருந்து வருகிற பஸ்ஸும் ஒரே கணக்கில் ஓடினால் ஸ்டாண்டில் கூட்டமும் ஏறாது, குறையாது. ஆனால் ஒரு பஸ்ஸும் சும்மா நிற்கவில்லை. மாவோ போகிற பஸ்ஸாகவே விட்டுக்கொண்டிருந்தது. எல்லா பஸ்ஸும் விழுப்புரத்திலேயே போய் அடைந்தால் அந்த ஸ்டாண்டு என்ன ஆகும்? உங்கள் கார் ஆகும்.

இவ்வளவு விளங்கியும் உங்கள் மௌனம் விளங்கவில்லை. இது சமநிலையா, இல்லை எல்லாமே முடிந்துபோய் நின்றுவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. இதற்கு வித்தியாசம் கண்டுபிடிக்கும் வழி புத்தகத்தில் இல்லை. பவுலினைக் கேட்டால், "உன் வாய மூடிக்கினு இருந்தாலே எல்லாம் சரியாவும்" என்கிறாள். மூடி வைத்துத்தானே இந்த பேஜாரு என்றேன். சமநிலையில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் அது மறுபக்கம் நகரும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததால், என் பக்கத்திலிருந்து இன்று காலை, கடைகளுக்கு என் மாவைக் கொண்டுபோகிற கோபியின் லோடு ஆட்டோவில் புது வாளி மாவு அனுப்பியிருக்கிறேன். மூடி போடவில்லை, துணி மட்டும் கட்டியிருக்கிறேன். கோபப்பட்டுத் திட்டுவதானாலும் சரி, ஒரு வார்த்தை திரும்பி வந்தால் போதும். ஓலை வாசிக்கச் சொல்லுங்கள். பெண் தங்கம், மாவு மாதிரி இல்லை.

மாதா தங்கள் குடும்பத்தையும் காரையும் காக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தொம்மை

பி.கு.: சம்பந்தி! சம்பந்தி என்றே எழுதுகிறேன். கவரை ஒட்டப் போகும்போது அமலா இதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். உங்கள் போன் அன்றைக்கு மாவுக்குள் விழுந்துவிட்டதாமே, காய்வதற்காக அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறீர்களாமே! மாவு திரும்பி அரிசிக்கே போயிருக்கிறது பாருங்கள், அமலா அது முடியாது என்றாளே? "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன். "அவரோட தெனம் பேசிக்கினுதான இருக்கேன். நீங்க கேக்கவே இல்லியே" என்கிறாள். அவர் என்றால் மாப்பிள்ளை ஆண்டோ. வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி, உள்ளே இரண்டு பக்கமும் ஓட்டம். இதைத்தானே சம்பந்தி நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள்? இன்றைக்கு நீங்கள் எல்லோரும் சாமியாரிடம் பெயர் கொடுக்கத்தான் போயிருக்கிறீர்களாம். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். ஆனால் கோபி இப்போதுதான் திரும்பி வந்து சொல்கிறான்: "துணி கட்டினது வழியெல்லாம் தளும்புச்சுங்க. உங்க பேரு கெடக்கூடாதுன்னு நானே மூடி வாங்கிப் போட்டு, டேப்பு நல்லா இறுக்கிச் சுத்திட்டேன். அவங்க வூட்ல யாரும் இல்ல. காரைக் கழுவி, கதவத் தொறந்து காயவெச்சிருந்தாங்க. வாளியை உள்ள வெச்சிட்டு, நாய் கீய் ஏறப்போவுதுன்னு கதவையும் சாத்திட்டு வந்துட்டேன்." அமலா ஆண்டோவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள், சாமியார் முன்னால் உட்கார்ந்திருப்பதால் எடுக்கவில்லை போல. கோபியையே இந்தக் கடிதத்தோடு கோவிலுக்கு விரட்டுகிறேன். சம்பந்தி, பெயர் கொடுக்கிற வேலையை ஜல்தியாக முடியுங்கள். வீட்டுக்கு மட்டும் மெதுவாகப் போங்கள்.