தக்காளித் தோட்டத்தில் குறையாத தண்ணீர் டிரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, தக்காளி எல்லோரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நீங்கள் கொள்முதல் பார்க்கும் கடையும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. உங்கள் கடையின் நிபந்தனைப்படி, தக்காளி பறிக்கும் பெண்களுக்கு நிழற்பந்தல் போட்டேன், கையுறை வாங்கினேன், மருந்தடித்த பாத்திக்குள் யாரையும் உடனே விடுவதில்லை, பந்தலில் குழாய் வைத்த டிரம்மில் குடிதண்ணீரும் வைத்தேன். இதில்தான் ஒரு விசித்திரம். காலையில நிரப்புற டிரம் சாயங்காலமும் அப்படியே இருக்கு! இந்தக் கொளுத்துற வெயில்ல ஏன் யாருமே குடிக்கலன்னு மண்டை காய்ஞ்சு போச்சு. உப்புக் கரிக்குதோன்னு குடிச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. வாடை அடிக்குதோன்னு தலையை உள்ள விட்டு மோந்தேன், மூக்குக்கண்ணாடி உள்ள விழுந்துருச்சு. அதை எடுக்க டிரம்மைக் கவுத்தேன், பந்தல் பூரா சேறு. குழாயில அடைப்போன்னு திருகினேன், கையோட வந்துருச்சு; வேற குழாய் மாட்டி மறுபடி நிரப்பி வச்சேன். பொம்பளைங்களைக் கேட்டா ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பார்த்துச் சிரிக்கிறாங்களே தவிர, வாயைத் திறக்கல. இதுக்கு நடுவுல கூடப் பறிக்கிற உங்க சின்னத்தை, அதான் என் கொழுந்தியா, பாத்தியிலயே மயங்கி விழுந்துட்டா. பதறிப் போயிட்டேன். உடம்புல தண்ணியே இல்லைன்னார் டாக்டர். "என் தோட்டத்துலயா? டிரம் ததும்புது சார்!"னு அவர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன்.

அப்புறம் உங்க கடை ஆய்வாளரம்மா வந்தாங்க. வெயில்ல சுத்திப் பார்த்து முகமெல்லாம் செவந்து போச்சு. தண்ணி நீட்டினேன், வாங்கல. "வேண்டாங்க, கழிப்பறை பூட்டியிருக்கே"ன்னாங்க. பூட்டாம? வெள்ளை ஓடு பதிச்சுப் புதுசாக் கட்டினது, அவங்க பார்க்கிறப்ப பளபளன்னு இருக்கணும்னு நான்தான் பூட்டி வச்சிருந்தேன். சாவி உங்க அத்தை இடுப்புல. அத்தை சந்தையில. அந்தம்மாவும் பொம்பளைங்களும் சேர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உறைச்சுது. போக இடமில்லைன்னா எவ குடிப்பா?

'தேறவில்லை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அது மாறாம அப்படியே நின்னா உங்க கடை என் தக்காளியைத் தொடாதாம். எல்லாம் புரியுது மாப்பிள்ளை, ஆனாலும் மனசு கேக்கல. சேத்துக் காலோட உள்ள போனா அந்த ஓடு என்னத்துக்கு ஆகும்? நீங்க மேலிடத்துல ஒரு வார்த்தை சொல்லி 'தேறியது'ன்னு மாத்த வையுங்க. அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டா, நானே திறந்து வச்சுடுறேன்.

நீங்கள் இருவரும் வேளைக்கு உண்டு, நிம்மதியாய் உறங்கி, என் தக்காளியை மறவாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள உங்க அத்தை படிச்சுட்டா. நேரா போய்ப் பூட்டைக் கழட்டிக் கிணத்துல போட்டுட்டா. அதனால மேலிடத்துல ஒண்ணும் பேச வேண்டாம், அந்தம்மா எழுதினது சரிதான். மறுபடி வரட்டும், சொல்லாமக் கொள்ளாம வரட்டும். ஓடெல்லாம் சேறு, பார்க்கச் சகிக்கல. சின்னத்தை இப்பத்தான் ரெண்டு சொம்பு குடிச்சுட்டு, "இன்னும் இருக்கா மாமா?"ன்னா. டிரம்மைச் சாய்ச்சுப் பார்த்தேன், சொட்டு இல்லை. கேட்டுட்டு நிக்கிறா, ஓடிப் போய் நிரப்பணும், இத்தோட முடிக்கிறேன்.