மெல்ரோயின் சபதமும் குறி சுட்ட எருமையும்

கோணமாமலைத் துறைமுகத்து நங்கூரங்களே, குடாக்கடலின் நீலத் திரைகளே, மூதூர் வயல்வெளிக் கொக்கினங்களே, சற்றே செவி சாயுங்கள். கண்டதைக் கண்டவாறு வரைவதன்றி வேறொன்றறியாத தூரிகை வேந்தன், எல்சி மாமியின் உருவைத் தீட்டுகையில் அவர் நாசிமேல் இருந்த மருவையும் அம்மருவின்மேல் இருந்த ஒற்றை உரோமத்தையும் விடாது தீட்டி, அதனால் ஈராண்டு காலம் அம்மாமி வீட்டுச் சோற்றை இழந்தும் சபதம் இழவாத செம்மல், மெல்ரோய் என்னும் நாமமுடையான், களம் கண்ட கதையைச் சொல்லப் புகுந்தோம்.

சபதம் யாதெனின்: "இல்லாததை இட்டேனில்லை, இருந்ததை விட்டேனில்லை." இதனை அவன் தன் கைப்பட எழுதி, நகரமண்டபத்தில் ஞாயிறன்று திறக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்கு முன்கூட்டியே அனுப்பியும் விட்டான். அனுப்பாதது ஓவியம் ஒன்றுதான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது மண்டபம் சேராவிடின், அவனுக்கென ஒதுக்கிய சுவரில் வேறொருவரின் சூரிய அஸ்தமனம் தொங்கும்.

ஆதலின் அச்சனிக்கிழமை விடியலில், பதினொரு தூரிகைகள் செறிந்த தூணியைத் தோளிலும் மடக்குக் கதிரையைக் கக்கத்திலும் தாங்கி, குடாவைச் சுற்றி வரும் பஸ்ஸில் மூதூர் வந்திறங்கிய வீரன், பால்பிடித்த நெல் பரந்த, ஆளற்ற, மாடற்ற, அசைவற்ற ஒரு வயலின் வரம்பிலே பாசறை அமைத்தான். பத்து மணிக்குள் வானம் முடிந்தது. பதினொன்றுக்குள் தூரத்துப் பனைகள் முடிந்தன. நெல்லுக்கு வந்தபோதுதான் பகைவன் களம் புகுந்தான்.

கார்மேகம் கால்முளைத்து வந்ததென்னக் கரிய மேனியும், இரு பிறைகளைக் கவிழ்த்து வைத்தாலன்ன கொம்பும், முதுகிலே வெண்கொற்றக் குடையென ஒரு கொக்கும் கொண்ட எருமையொன்று, காட்சியின் நட்டநடுவே நின்று நெல்லை மேயத் தொடங்கிற்று. மெல்ரோய் எழுந்தான், தன் வெயிற்குடையை வேலென நீட்டினான், மண்ணாங்கட்டியைச் சக்கரப்படையென வீசினான், அது தன் காலடியிலேயே விழக் கண்டான், வரம்பு நெடுக ஓடி, சேற்றுக்கு ஒரு செருப்பைக் காணிக்கை தந்து, "மாற்றானே, என் அமைதியினின்று அகல்வாய்" என்று முழங்கினான். எருமை ஒரு காதை அசைத்தது. கொக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

நிற்பது மெய், மெய்யெனின் வரைந்தே ஆகவேண்டும். ஒற்றைச் செருப்போடு கதிரையில் அமர்ந்த வீரன், பகைவன் வயிற்றுச் சேற்றையும், வாயில் தொங்கிய கதிர்களையும், பின்தொடையிலே உரிமையாளர் சுட்டிருந்த பிறையும் புள்ளியுமான குறியையும் மயிர் மயிராக, ஈ ஈயாகத் தீட்டி முடித்தான். தன் வேலை முடிந்ததென்று எருமை ஆற்றுப்பக்கம் நடந்துவிட்டது.

பின்னர் ஸ்கூட்டரில் வந்தாள் வயலுக்குச் சொந்தக்காரி பரீதா. மிதிபட்ட நெல்லைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"குறியையும் கீறி இருக்கிறீங்களே தம்பி. இது பக்கீர் காக்காட மாடு. ஒவ்வொரு தரமும் நான் வரக்குள்ள மாடு போயிரும், அவரும் இல்லையெண்டுருவார். இண்டைக்கு அம்புட்டார்." குரல் தாழ்ந்தது. "இன்னும் ரெண்டையும் சேர்த்துக் கீறுங்களன். நேத்து வந்தது மூண்டு."

"அம்மையீர், நேற்றைய எருமைகளை இன்றைய வயலில் நிறுத்த என் தூரிகை துணியாது. மாமியின் மருவுக்கே அஞ்சாதவன் யான்."

"எந்த மாமி?" என்ற பரீதா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "போனும் வீட்டில சார்ஜில கிடக்கு. நான் போய் விதானையைக் கூட்டிட்டு வாறன். படத்தைக் கொண்டு போயிராதீங்க." மாடு மேய்ந்த வழக்குகளை விசாரிக்கும் வட்டவிதானையைத் தேடி ஸ்கூட்டர் பறந்தது.

அது மறைந்ததும் எதிர் வரம்பால் வந்தார், எல்லாம் ஒளிந்து கேட்டிருந்த பக்கீர், கையில் எருமைத் தயிர்ச் சட்டியோடு. படத்தின் முன் குந்தினார், முகம் மலர்ந்தார்.

"மாஷா அல்லாஹ், என்ட மாடேதான். கண்ணும் அதுட கண்ணுதான்." சட்டியை மெல்ல நகர்த்தி வைத்தார். "குறியில மட்டும் கொஞ்சம் சேத்தைப் பூசிடுங்க தம்பி."

"ஏழு கடலும் தயிராய் உறைந்து என் எதிரே வைக்கப்படினும் ஏலாது" என்று இடியென இயம்பினான் வீரன்.

பக்கீர் கோபிக்கவில்லை. "சரி. விதானை வந்தா சாட்சியெண்டு படத்தை எடுத்து வெச்சிருவார். போன போகத்து வழக்குக்குக் கொண்டு போன வேலிக்கட்டை இன்னும் அவர்ட வீட்டிலதான் கிடக்கு. நீங்க இதை எப்ப குடுக்கணும்?"

"இன்று ஐந்து மணிக்கு" என்றான் மெல்ரோய். குரலில் இடி இல்லை.

"மூண்டரைக்கு பஸ் இருக்கு."

ஒருபுறம் சபதம் சிங்கமென நிற்க, மறுபுறம் தனக்குரிய சுவரிலே அந்நியனின் அஸ்தமனம் செக்கச் செவேலென ஒளிர, இடையிலே தயிரின் நறுமணம் தூதெனத் திரிய, இரு பெரும் படைகள் மோதும் பறந்தலை போலானது அவன் நெஞ்சம். அவ்வேளை தொலைவிலே, ஊழிக்காலத்து முரசமெனக் கேட்டது, விதானையைப் பின்னால் ஏற்றி வரும் ஸ்கூட்டரின் ஒலி.

மெல்ரோய் படத்து எருமையின் மேல் ஒரு பற்றைப் புதரைத் தீட்டிவிட்டு, தயிர்ச் சட்டியையும் எடுத்துக்கொண்டு மூன்றரை பஸ்ஸில் ஏறிப் போனான்.