மாப்பிள்ளை பெயர் மேல் விழுந்த முத்திரை

கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் வந்தால் யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை. அவரவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்று சொல்லிவிடுகிறோம். என் அக்கா கல்யாணத்தில் அப்படித்தான் இரண்டு குடும்பமும் சேர்ந்து மாப்பிள்ளையின் பெரியப்பாவைத் தொலைத்தோம்.

மாப்பிள்ளைக்கு ஊர் பென்னாகரம். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அவரை வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா மாதையன்தான். அவர் பெயர் விட்டுப்போனதை மாப்பிள்ளையின் அம்மா கவனித்தபோது, மறுநாள் காலை பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும். போனில் அழாத குறை. "அவரு பேரு இல்லாம பத்திரிகை வந்துச்சுன்னா மண்டபத்து வாசப்படி மிதிக்கமாட்டாருங்க" என்றார்.

தர்மபுரி அச்சகத்துக்காரரைக் கேட்டோம். டிசைன் செய்தவர் சபரிமலைக்குப் போயிருக்கிறார், போன் கிடைக்கவில்லை, தன்னிடம் இருப்பது பிடிஎஃப் மட்டும்தான் என்றார். யாராவது அதிலேயே திருத்திக் கொடுத்தால் காலையில் ஓட்டிவிடலாம், இல்லையென்றால் பொங்கல் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான்.

"யாராவது" என்றதும் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். (கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவளுக்குக் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கும் மனம் வந்ததில்லை.)

மண்டி கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதபடி முதலாளி பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தார். தேடியதில் ஒரு பிடிஎஃப் எடிட்டர் கிடைத்தது. இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், பென்டிரைவில் போட்டு அப்படியே திறக்கலாம். ‘இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே எறும்பு சைஸில் என்னவோ எழுதியிருந்தது. எறும்பையெல்லாம் யார் படிப்பது?

பத்திரிகை திறந்தது. ‘மாதையன்’ என்று அடித்தேன். வரிசையாகக் கட்டங்கள் விழுந்தன. மறுபடி அடித்தேன். மறுபடியும் கட்டங்கள். அந்த ஃபான்ட் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. கடைசியில் பத்திரிகையில் இருந்த எழுத்துகளையே பொறுக்க ஆரம்பித்தேன். மாரண்டஹள்ளியிலிருந்து ‘மா’, தை மாதத்திலிருந்து ‘தை’, ஒரு சித்தப்பா பெயரின் வாலிலிருந்து ‘யன்’. ஒட்டவைத்ததும் பெரியப்பா உருவாகிவிட்டார்.

உடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. ‘தை’யைக் காப்பி எடுத்தேனா, பிடுங்கியே விட்டேனா? மாதமில்லாத முகூர்த்தத்துக்கு யார் வருவார்கள்? திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். தை இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பியதும், இருந்ததா என்று சந்தேகம் வந்தது. அந்தப் பதற்றத்திலேயே சேவ் செய்து அச்சகத்துக்கு அனுப்பினேன். சேவ் ஆன ஃபைலை ஒருமுறை திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அச்சாகி வந்த பத்திரிகைக் கட்டை அப்பா பஸ்ஸில் கொண்டுவந்தார். மாப்பிள்ளையும் பெரியப்பாவும் தங்கள் பங்கை வாங்கிப் போக வந்து, எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு பத்திரிகையிலும், சரியாக மாப்பிள்ளை பெயரின் மேலே, சாய்வாக, சாம்பல் நிறத்தில், பெரிய ஆங்கில எழுத்துகளில் ‘ட்ரயல் வெர்ஷன்’ என்று இருந்தது. சேவ் செய்யும்போது அந்த இலவச எடிட்டர் குத்திய முத்திரை. அச்சகத்துக்காரரும் பார்க்காமலேயே ஓட்டிவிட்டார்.

பெரியப்பா கை நீட்டினார். முத்திரையை உள்ளங்கையால் மறைத்தபடி நீட்டினேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை. (வருங்கால சம்பந்தியோடு பத்திரிகைக்கு மல்லுக்கட்டியவள் எங்கள் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.) கடைசியில் அவர்தான் ஜெயித்தார். கண்ணாடி போட்டு, தன் பெயரைக் கண்டுபிடித்து, அதன்கீழ் விரலை மெதுவாக ஓட்டினார். பிறகு மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

மாப்பிள்ளை வெகுநேரம் படித்தார். "ட்ரயல் வெர்ஷன்னு போட்டிருக்குதுங்க. கல்யாணத்துக்கா, எனக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். சமையலறை வாசலிலிருந்து அக்கா பார்த்தாள். நான் அழுதுகொண்டே பென்டிரைவ், கட்டங்கள், தை மாதம் எல்லாவற்றையும் கொட்டினேன். அச்சகத்துக்காரர் காலில் விழுந்தாவது மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன்.

பெரியப்பா பத்திரிகையைத் திரும்ப வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. திருப்பி அடிச்சா மறுபடி எம்பேரு வுட்டுப்போயிரும். இருக்கறது இருக்கட்டும்."

அவர் வார்த்தைக்கு மேல் அந்தக் குடும்பத்தில் பேச்சில்லை. அத்தனை பத்திரிகையும் அப்படியே ஊர் ஊராகப் போனது. மொரப்பூர் அத்தை மட்டும், மாப்பிள்ளை வேலை செய்கிற கம்பெனியின் பெயரா அது என்று கேட்டாராம். அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. பெரியப்பா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்காவின் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாப்பிள்ளையாக வந்த மாமாதான் ட்ரயலிலிருந்து இன்னும் தேறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த கறிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது. ஒரு வாய் சாப்பிட்ட அக்கா என் பக்கம் திரும்பி, "ஃபுல் வெர்ஷன் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

மாமா என் தட்டில் மட்டும் அந்தக் குழம்பில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.