கன்வேயர் அண்ணன் மேடை ஏறிய கதை

கர்த்தருக்கே டார்கெட் வைக்கக்கூடிய ஒரு மனிதர் உலகத்தில் இருந்தார் என்றால், அது ஆம்பூரில் எங்கள் சபையில் இருந்த கன்வேயர் அண்ணன்தான். ஷூ கம்பெனியில் கன்வேயர் லைனுக்கு சூப்பர்வைசர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருடைய கம்பெனி அடையாள அட்டையோடு சரி. பிரசங்கம் நீண்டால், "லைன் நின்னு போச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முனகுவார். நற்கருணை வரிசை தேங்கினால் எழுந்து போய், "ரெண்டு லைனா பிரிங்க, ஜாம் ஆவுது" என்று மூப்பர்களுக்கே யோசனை சொல்வார்.

இவ்வளவு ஒழுங்கான ஆளுக்கு ஆண்டவர் சுருதியை மட்டும் கொடுக்கவில்லை. அவருக்கோ பாடகர் குழுவில் நின்று பாட வேண்டும் என்று கொள்ளை ஆசை. இரண்டு முறை சேர்ந்தார். இரண்டு முறையும் குழுவை நடத்திய சுகந்தி டீச்சர் வெளியே அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை, அவர் பக்கத்தில் நின்ற மூன்று பேரும் ராகம் மாறிப் போனார்கள். இது தொற்றும் வகை என்று டீச்சர் முடிவு கட்டினார்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு எங்கள் டிரம்மர் துபாய்க்குப் போனான். அண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு பழைய லேப்டாப்போடு வந்து இறங்கினார்.

"டிரம்ஸ், வயலின் எல்லாம் இதுலயே வரும் டீச்சர். லீவு போடாது. துபாய்க்கும் போவாது."

டீச்சர் யோசித்து, "சரி, மேடையில உக்காந்து போடுங்க. ஆனா வாயத் திறக்கக் கூடாது" என்றார். அண்ணன் வேகமாகத் தலையாட்டினார். மேடை கிடைத்ததே பெரிது.

முதல் ஞாயிறே மானம் போயிற்று. கீர்த்தனையை இழுத்து இழுத்துப் பாடுவது எங்கள் சபை வழக்கம். லேப்டாப் யாருக்காகவும் நிற்பதில்லை. டிரம்ஸ் பாட்டை முடித்து ஓய்ந்தபோது ஜனங்கள் மூன்றாம் சரணத்தின் நடுவில் இருந்தார்கள். போதகரோ கண்ணை மூடிக்கொண்டு, "பல்லவி, இன்னொரு தரம்!" என்றார்.

அண்ணன் மெஷினைக் குறை சொல்லவில்லை. ஒரு மாதம் தூணோரம் நின்று, யார் எங்கே இழுக்கிறார்கள், போதகர் எங்கே உருகுகிறார் என்று கம்பெனி வேலையை அளப்பதுபோல் சபையையே அளந்தார். பிறகு எல்லாப் பாட்டையும் புதிதாகச் செய்தார். ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தில் இசை, அது ஸ்பீக்கருக்கு. மறுபக்கத்தில் தாளக் கணக்கும் அவர் குரலில் பதிவு செய்த வழிகாட்டுதலும், அது கீபோர்டு வாசிக்கும் என் ஹெட்போனுக்கு மட்டும்.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. "இன்னிக்கும் சொதப்புச்சுன்னா, லேப்டாப்பும் நீங்களும் கீழ இறங்கிடுங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். பந்தல் போட்டிருந்ததால் வாடகை மைக் செட். மைக் செட்காரர் தன்னிடமிருந்த ஏதோ ஒரு வயரைச் சொருகினார். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும் வயர் அது.

"ஒன்னு, ரெண்டு, மூணு, போ!" என்று நான்கு ஸ்பீக்கரிலும் அண்ணன் குரல் முழங்கியது. ஜனங்கள் திடுக்கிட்டுச் சரியான இடத்தில் தொடங்கிவிட்டார்கள்.

"தம்பி, பயப்படாத. நல்லாத்தான் வாசிக்கிற."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சபை இழுக்கும். உடு, இழுக்கட்டும்... இங்க டீச்சருக்கு மேல எட்டாது. வயலின் போட்டு மறைச்சிருக்கேன்."

டீச்சர் அந்த மேல் ஸ்தாயியிலேயே வாயடைத்து நின்றார். வயலின் மட்டும் கேட்டது.

"பாஸ்டரய்யா கண்ண மூடிட்டாரு. இன்னிமே பல்லவிதான்."

போதகர் சட்டென்று கண்ணைத் திறந்தார். பந்தலே குலுங்கியது. பரங்கிக்காய்க் கூடைக்குப் பின்னால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் வேர்த்துப்போய் லேப்டாப்பைத் தட்டினார், அது நிற்கவில்லை. வயரைப் பிடுங்கியிருக்கலாம். ஓடுகிற லைனை நிறுத்தும் பழக்கம் அவர் கைக்கு இல்லை.

ஒத்திகையில் கடைசிச் சரணம் வரைக்கும் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. அதற்குள் டீச்சர் யாரையாவது திட்ட ஆரம்பித்துவிடுவார். அதனால் அந்த இடத்தில் என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. குரல் கொஞ்சம் தணிந்து வந்தது.

"கடைசி சரணம். எல்லாரும் எழுந்து பாடுவாங்க. உனக்கும் பாடணும்னு இருக்கும். வாணாம்டா. வாய மூடிக்கினு குந்து."

அது எனக்குச் சொன்னது அல்ல. அவருக்கு அவரே சொல்லிக்கொண்டது. சிரிப்பு நின்றுபோயிற்று. அண்ணன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "இன்னா அண்ணா உக்காந்துக்கினு இருக்கீங்க? எழுந்து வாங்க. டிரம்ஸ் போய்க்கினே இருக்கு பாருங்க."

அண்ணன் எழுந்து வந்து டீச்சர் பக்கத்தில் நின்று பாடினார். தாளம் இம்மி பிசகவில்லை. சுருதி எந்த இடத்திலும் சேரவில்லை. நான் கீபோர்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன், அவர் பாடுவது கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று.