நாலு மூலைச் சுழி

உமாமகேஸ்வரி கோலத்தின் இரண்டாவது இதழைப் பாதி போட்டிருந்தபோது நாய் வந்தது.

பால் பூத் நாய். அவளைத் துரத்துவதை அது நிரந்தர உத்தியோகம் போலச் செய்துவந்தது. தினமும் பால் பூத் அருகே அது கிளம்பும். அவள் பக்கத்துச் சந்துக்குள் புகுந்து, ஒரு வட்டமடித்து, வந்த வழியே வெளியேறுவாள். இன்று அந்தப் பக்கமே போகக் கூடாது என்று வேறு பாதை வகுத்திருந்தாள். அவளைக் காணாத நாய் தேடிக்கொண்டு நேரு பூங்காவரை வந்துவிட்டது.

உமா ஓடினாள். புல்வெளியின் குறுக்கே, ஒரு வேப்பமரத்தைச் சுற்றி, ஒரு பெஞ்சில் ஏறி இறங்கி, மறுபடியும் வேப்பமரம்.

காதில் மாமியாரின் குரல் கேட்டது. "என்னடி இது, இதழ் போடறச்சே நடுவுல கொசுவம் வைக்கறே?"

"நாய்ம்மா."

"சரி, அந்த இடத்தை மட்டும் அழிச்சுட்டுப் போடு."

"இதை அழிக்க முடியாதும்மா."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

மோதி பாக் அரசுக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பத்தினர் மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோலப் போட்டி வைப்பார்கள். கும்பகோணத்து ராஜலக்ஷ்மி இருக்கும்போது முதல் பரிசு யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கோலமாவு பிடிக்கிற கையில் மாவுக்கட்டு.

மிச்சமிருந்தது மருமகள். உமா வேதியியல் படித்தவள். ஆய்வகத்தில் அமிலத்தைச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகிற அதே கை, கோலமாவை எடுத்தால் மட்டும் நடுங்கும். பேச்சும் அதிகம் வராது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: மாமியார் வாயால் ஒரு 'பேஷ்' வாங்க வேண்டும். ராஜலக்ஷ்மியோ அந்தச் சொல்லைக் குங்குமப்பூ மாதிரி வைத்துச் செலவழிக்கிறவள்.

"உமாவுக்குக் கை வராதும்மா, கால்தான் வரும்" என்று கணவன் ஸ்ரீதர் காப்பி குடித்துக்கொண்டே வேடிக்கையாகச் சொன்னான்.

உமா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற வழியை அவளுடைய வாட்ச் கோடாக வரைந்துவிடும். அப்படியானால் கோலத்தை ஓடியே போட்டுவிடலாமே. சாந்தி பத் நடுக்கோடு. அதிலுள்ள ரவுண்டானாக்கள் புள்ளிகள். வலது பக்கம் நேரு பூங்கா ஓர் இதழ், இடது பக்கம் தூதரகச் சாலைகள் ஓர் இதழ்.

"கோலத்தை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வளப்பா. நீ மிதிச்சே போடறேங்கறே" என்றாள் ராஜலக்ஷ்மி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடுகிற கோட்டை ஸ்ரீதரின் லேப்டாப்பில் அப்போதைக்கப்போது பார்க்கலாம் என்று தெரிந்ததும் ஸ்வெட்டர், சால்வை, மூக்குக்கண்ணாடி சகிதம் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

உமாவின் ஓட்டத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை என்பது அவள் எண்ணம். போன வருஷம் இங்கிலீஷ் புத்தாண்டன்று குடியிருப்புப் பெண்கள் வாட்ஸப்பில் ஒரு ஃபிட்னெஸ் க்ரூப் ஆரம்பித்தார்கள். பொங்கலுக்குள் எல்லாரும் ஓய்ந்துவிட்டார்கள். உமாவின் வாட்ச் மட்டும் அவள் ஓடி முடித்ததும், வரைபடம் எதுவுமில்லாத வெறும் சிவப்புக் கோட்டை, தானாகவே அந்தக் க்ரூப்பில் போட்டுக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று யாரிடமாவது கேட்கக் கூச்சப்பட்டு அவள் அப்படியே விட்டுவிட்டாள். ஒருவரும் ஒரு கட்டைவிரல்கூடக் காட்டியதில்லை. அவளே தூரத்தை மட்டும்தான் பார்ப்பாள். கோட்டைப் பார்த்ததில்லை.

விடியலில் கிளம்பும்போது எதிர் பிளாக் அம்சவேணியின் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. தாண்ட முடியவில்லை. புள்ளியே இல்லாமல் ஒரே இழையில் ஓடியது கோலம். நீளமாகப் போய், வளைந்து, அவசரமில்லாமல் திரும்பி, நாலு திசையிலும் அதையே செய்தது. நாலு மூலையிலும் கொக்கி போல ஒரு சின்னச் சுழி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் உமாவின் மூச்சு தானாகச் சீரானது.

"அந்தச் சுழியைப் பாரேன்" என்று மாடி பால்கனியிலிருந்து ராஜலக்ஷ்மி போனில் அடிக்குரலில் சொன்னாள். "மதுரைப் பக்கத்து வழக்கமா இருக்கும். இந்த வருஷம் நமக்குக் கஷ்டம்டி."

முதல் இதழ்வரை கஷ்டமில்லை. ரயில் மியூசியத்தின் பழைய என்ஜின்கள் பனிமூட்டத்தில் குளிக்கக் காத்திருக்கிற எருமைகள் போல நின்றன. சாந்தி பத்தின் இரண்டு பக்கமும் பனி நனைத்த புல். பூங்காவில் ஒரு மயில், பாதை தனக்குப் பாத்தியப்பட்டது போல நடந்து போனது. உமாவுக்கு இந்த ஊரை வாயால் புகழத் தெரியாது, ஓடத்தான் தெரியும். லோதி தோட்டத்துக் குவிமாடங்களைச் சுற்றி ஓடியிருக்கிறாள். எங்கிருந்தோ வந்த வெள்ளைப் பறவைகள் யமுனையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலையில் படித்துறை ஓரமாக ஓடியிருக்கிறாள். இத்தனை ராஜாக்களைப் புதைத்துக்கொண்டு ஒரு ஊர் இவ்வளவு பச்சையாக இருப்பது ஒவ்வொரு முறையும் அவளுக்குப் புதிதாகவே இருந்தது.

அப்புறம்தான் நாய்.

"இப்போ என்னம்மா செய்யறது?" என்றாள் மூச்சிரைக்க.

ராஜலக்ஷ்மி யோசித்தாள். "ஒரு பக்கம் கோணினா மறுபக்கமும் அதே மாதிரி கோணிடணும். அப்போ அது கோணல் இல்லே, டிசைன்."

எனவே உமா சாந்தி பத்தைக் கடந்து, ஏதோ ஒரு நாட்டின் தூதரக மதிலோரம், நாயில்லாமலேயே நாய் துரத்துவது போல ஓடினாள். வேப்பமரத்துக்குப் பதில் விளக்குக் கம்பம். பெஞ்சுக்குப் பதில் ஒரு பூத்தொட்டி. இரண்டாம் முறை கம்பத்தைச் சுற்றும்போது துப்பாக்கியோடு ஒரு காவலர் எதிரே நின்றார்.

"மேடம், யே க்யா ஹோ ரஹா ஹை?" இங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"ரங்கோலி, பாய் சாப்."

அவர் தரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வாட்சைக் காட்டினாள். அவர் அதையும் பார்த்துவிட்டு, "இதர் நஹீங். உதர்" என்று சாலையின் மறுபக்கத்தைக் காட்டினார்.

மறுபக்கம் போனதில் இதழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு விழுந்தது.

"அப்போ வலது இதழ்லேயும் அந்த மாதிரி ஒரு கோடு போடணுமே" என்றாள் ராஜலக்ஷ்மி. அவள் குரலில் உற்சாகம் ஏறியிருந்தது. "ஜல்தி, ஜல்தி. பத்து மணிக்குக் கோலம் பார்க்கப் பத்மநாபன் வந்துடுவார்."

கோடு போடக் கிளம்பினால் போலீஸ்காரர் கயிறு கட்டிவிட்டார். பெரிய மனிதர் யாரோ போகிறாராம். உமா நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். கார்கள் போய்க்கொண்டே இருந்தன.

"அங்கே ஒரு பெரிய பொட்டு விழுந்துடுத்து உமா."

"நிக்க வெச்சுட்டாம்மா."

"பரவாயில்லே. பூங்காவிலேயும் போய் அவ்வளவு நேரம் நின்னுட்டு வந்துடு."

பூங்காவில் நாய் அதே வேப்பமரத்தடியில் காத்திருந்தது. அவள் ஓடாமல் நின்றதைப் பார்த்து அதற்குக் குழப்பம். கொஞ்சம் குரைத்தது, பதில் இல்லாததால் கால்மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் திரும்பிக் கிளம்பியபோது, துரத்துவதை மறந்து, கூடவே ஓடி வந்தது.

வீட்டுக்கு வந்தபோது உமாவின் கால்கள் அவளுடையவையாக இல்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பத்மநாபன் போனை வாங்கி ஒரு பக்கம் திருப்பினார். பிறகு மறுபக்கம்.

"இதை எப்படிப் பிடிச்சுப் பார்க்கணும்?"

"எப்படிப் பிடிச்சாலும் ஒண்ணுதான் மாமா" என்றான் ஸ்ரீதர்.

"இடியாப்பம் நன்னா வந்திருக்கு. ஆனா இது கோலப் போட்டியோன்னோ?"

முதல் பரிசு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, அம்சவேணிக்குப் போனது. உமாவுக்கு ஆறுதல் பரிசாக ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வந்த ஒரு முறுக்குப் பொட்டலம் கிடைத்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அம்சவேணி வாசலில் கூடிய கூட்டத்தின் கடைசியில், நாய்க்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

"உங்க கை மட்டும் நல்லாருந்தா விளக்கு உங்களுக்குத்தான் மாமி" என்றாள் அம்சவேணி.

ராஜலக்ஷ்மி மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். கோலத்தைத் தொடாமல், இடது கை விரலை இழைக்கு மேலாகவே ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு மூலையில் சுழிக்குள் புகுந்து, சுற்றி, வந்த வழியே வெளியேறியபோது அவள் முகம் மலர்ந்தது.

"எங்கேயாவது தயங்கியிருக்கா பாருங்கோ. நாப்பது வருஷமா கோலம் போடறேன், இப்படி ஒரு ஓட்டம் எனக்கு வந்ததே இல்லே." அவள் நிமிர்ந்தாள். "பேஷ். பேஷ். இதை யோசிச்சவ காலைத் தொட்டுக் கும்பிடலாம்."

இரண்டு முறை. உமா முறுக்குப் பொட்டலத்தை இறுகப் பிடித்தாள். உள்ளே ஏதோ நொறுங்கியது. முறுக்காகத்தான் இருக்க வேண்டும்.

அம்சவேணி குத்துவிளக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நெளிந்தாள்.

"நான் எங்க மாமி யோசிச்சேன்? உங்க மருமகதான் அந்த ஃபிட்னெஸ் க்ரூப்புல தினம் ஒரு கோலம் அனுப்புதே. கூச்சத்துல க்ரூப்பு மாத்திப் போடுது போலன்னு நானும் கேக்கல. அதுல ஒண்ணை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். ஆனா ஏம்மா உமா, எந்தக் கோலம் போட்டாலும் அதே எடத்துல இந்தச் சுழியை விடாம வைக்கிறியே, அது உங்க கும்பகோணத்து வழக்கமா?"