‘வா’ என்னும் சொல்லின் பிறப்பும் பெருமையும்

அறிவு இவ்வுலகில் எங்கே எழுந்தருளியிருக்கிறது என்று ஐயுறுவோர், எங்கள் சொற்பிறப்புக் கழகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறித் தெளியலாம். அங்கே மின்விசிறி சுழலும், அறிஞர் அசையார். ‘வா’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்காக, செயலாளனாகிய என்னையும் சேர்த்து ஐவர் ஏழாண்டுகள் தவமிருந்தோம்.

எங்கள் அகராதிக்கு ஒரு நெறி உண்டு. ஒரு சொல்லுக்கு நூற்றெட்டுச் சான்றுச் சீட்டுகள் சேர வேண்டும். அவைக்கு வந்த சீட்டில் ஐவரும் ஒப்பமிடும் வரை எவரும் இருக்கை விட்டு எழலாகாது. ஒரு மலர் மட்டும் குறைந்த அர்ச்சனைபோல் நூற்றேழு சேர்ந்திருந்தன.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவரின் தங்கை மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“அண்ணா, ஆஸ்பத்திரியில அம்மாவுக்குப் பேச்சு நின்னு போச்சு. இதைத்தான் எழுதிக் குடுத்தாங்க.”

மருந்துச்சீட்டின் பின்புறம், நடுங்கிய கோடுகளில் ஒரே சொல்: ‘வா’.

தலைவர் கண்ணாடியை அணிந்தார்; மெய்சிலிர்த்தார். “அடடா! முன்னும் பின்னும் துணையில்லாத தனிச்சொல்! நூற்றெட்டாவது சீட்டு!”

“வண்டி கீழே நிக்குதுண்ணா.”

“இரும்மா. சீட்டு அவைக்கு வந்தாச்சு. கையெழுத்தாகாம எழுந்திரிக்கக் கூடாது. நானே போட்ட விதி.”

ஆய்வு தொடங்கிற்று. பிரெஞ்சு கற்றவர் தொண்டையைச் செருமினார். “பிரெஞ்சுல ‘வா’ன்னா ‘போ’. உங்கம்மா அண்ணனைப் போகச் சொல்லியிருக்கலாமில்லையா?”

“எங்கம்மா தமிழ்ல கையெழுத்துப் போடறதுக்குள்ளேயே பொழுது போயிடும். பிரெஞ்சு வேறயா?”

வடமொழி வல்லவர் கை உயர்த்தினார். “அங்கே ‘அல்லது’ன்னு பொருள். இவர், அல்லது இன்னொரு மகன்...”

“இன்னொரு மகனுக்கு நான் எங்க சார் போவேன்? இருக்கறதே இவர் ஒருத்தர்தான்.”

“ஜப்பானியத்துல அமைதி,” என்றார் நான்காமவர்.

“அது இன்னும் கொஞ்ச நேரத்துல ஆயிடும். நீங்க பேசிக்கிட்டே இருங்க.”

அந்த அம்மையார் தமையனை ஒரு கணம் பார்த்தார். தலைவரோ சீட்டில் எழுத்தின் சுழியை அளந்துகொண்டிருந்தார். தங்கை தனியே படியிறங்கிப் போனார்.

நான்கே முக்கால் மணிக்கு நான்கு ஒப்பங்கள் ஆயின. ஐந்தாவதாகத் தலைவர் பேனாவைத் திறந்தபோது தொலைபேசி ஒலித்தது. ஒப்பத்தை முழுமையாக இட்டு, மை உலரும்வரை ஊதி, அதன்பின்பே எடுத்தார். கடமை என்பது அது! மறுமுனையில் தங்கை சொன்னதைக் கேட்டார், தொலைபேசியை வைத்தார். விதிப்படி இப்போது எழலாம் என்று நான் நினைவூட்டினேன். அவர் எழவில்லை.

அகராதி வெளிவந்து அறிஞர் உலகம் எங்களைக் கொண்டாடுகிறது. நூற்றெட்டாவது சீட்டைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறோம். அதன்மேல் ஒட்டிய படிவத்தில், ‘பொருளில் ஐயம் உண்டா?’ என்றொரு வினா. ‘இல்லை, கண்டவுடனே அனைவருக்கும் விளங்கிற்று’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். கீழே ஐவரும் ஒப்பமிட்டிருக்கிறோம்.