சயாம் போக மறுத்த விளக்கு

சயாமுக்குப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

அப்போது ஜொகூரில் ஜப்பான்காரன் ஆட்சி. குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ரபேல் டிரைவர் என்றால் நான்தான். வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய பழைய காரை ஒரு ஜப்பானிய அதிகாரி எடுத்துக்கொண்டார். காரோடு என்னையும்.

"சயாம்ல ரயில் ரோடு போடறாங்க அமலு. அதிகாரி கார்லயே போறாரு. தினமும் அரிசிச் சோறு!"

என் மனைவி அமலோற்பவம் மரவள்ளிக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தவில்லை.

"முன்னாடி லோரியில போன வேலு எங்க? வீரமுத்து எங்க? ஒருத்தரும் திரும்பலையே."

"அவங்க கூலிக்குப் போனாங்க. நான் டிரைவர்லா!"

"சாவுக்கு அது தெரியுமா?"

"இந்த வீட்ல ஆம்பிளை யாரு?"

"நீங்கதான்."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஒரே சிக்கல். காரின் முன்விளக்கு இரண்டும் எரியவில்லை. புறப்பாடோ ராத்திரியில். "சாயங்காலத்துக்குள் எரிய வேண்டும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி வாளுறையைத் தட்டினார். அந்தத் தட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பல்பைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தேன். எரிந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. விளக்குவரை கரண்டும் வந்தது. பின்னே என்ன கேடு? சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் ஒரு கம்பித் துண்டை எடுத்து, ஒரு முனையை விளக்குக் கூட்டிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்தேன். பளிச்!

"எர்த்து!" என்று கத்தினேன்.

அமலு ஓடிவந்தாள். "என்னங்க, ஷாக்கா?"

"எர்த்து விட்டுப்போச்சு. எர்த்துன்னா மண்ணு."

"காருக்குள்ள மண்ணு எதுக்கு?"

விளக்கை அவளுக்கு விளக்கினேன். "கரண்டு வந்தா போதாது, திரும்பிப் போக வழி வேணும். ரெண்டு விளக்குக்கும் பொதுவா இந்தக் கம்பி. இதோட நுனி கார் இரும்பைத் தொடணும். துரு தடுத்துருச்சு."

"வேற எதெல்லாம் தடுக்கும்?"

"பெயிண்ட், ரப்பர், எதுவும்."

கெட்டிக்கார மாணவி! துருவைச் சுரண்டித் திருகினேன். இரண்டும் எரிந்தன. குளித்துவிட்டு, கிழங்கைத் தின்றுவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். சுவிட்சைத் தட்டினேன்.

எரியவில்லை.

மறுபடி தட்டினேன். அடுத்து அவர் தட்டினார், என் கன்னத்தில். அந்த வேகத்தில் நான் தரையைத் தொட்டேன். எனக்கு எர்த்து கிடைத்துவிட்டது. விளக்குக்குத்தான் இல்லை.

"எரிஞ்சது துவான்! சத்தியமா எரிஞ்சது!"

பல்பைப் பார்த்தேன். பியூஸைப் பார்த்தேன். எர்த்துத் திருகை ஆட்டினேன். அது ஆடவில்லை, நான்தான் ஆடினேன். அதிகாரியின் கை வாள்பிடிக்குப் போனது.

அமலு வந்து என் பக்கத்தில் நின்றாள். இடுப்புவரை குனிந்து வணங்கி, மலாயில் சொன்னாள்: "துவான், இவருக்கு வேலை அரைகுறைதான். நாளாகும்."

அதிகாரி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாளைவிட்டுக் கையை எடுத்தார்.

"நான் ரயிலில் போகிறேன். திரும்பி வரும்வரை நீ இந்தக் காரை விட்டு நகரக் கூடாது!"

அவர் போனதும் திருகைக் கழற்றினேன். கம்பியின் செம்பு நுனியில் பழுப்பாக ஓர் உறை. கிள்ளினேன். இழுபட்டது. ரப்பர்.

"அமலு!"

"மரத்துப் பால்ல முக்கினேன், காய வச்சேன், மறுபடி முக்கினேன். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"என் கன்னம்?"

"ஆறிடும்லா."

"வெட்டியிருந்தா?"

அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லத்தான் பக்கத்துல வந்து நின்னேன்."

கம்பியை எடுத்து அதே இடத்தில் வைத்துத் திருகினேன்.

"ரொம்ப இறுக்காதீங்க, ரப்பர் கிழிஞ்சிடும்" என்றாள் என் மெக்கானிக்.